இல்லை என்று சொல்லாதவர்

எங்கள் சின்ன மாமா வாயிலிருந்து "இல்லை" என்ற வார்த்தை வந்து வெகுகாலம் நான் கேட்டதே கிடையாது. என் மாமனாருடைய தம்பி அவர். எங்கள் பக்கத்து வீடுகளில் அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்ல மாட்டோம், "நிறைஞ்சிருக்கு" என்போம். உப்புக்கும் அப்படித்தான், மஞ்சளுக்கும் அப்படித்தான். சின்ன மாமா அந்தப் பழக்கத்தை அடுப்படியோடு நிறுத்தாமல் ஆயுசு முழுக்க இழுத்துக்கொண்டு வந்தவர். யாராவது வாசலில் வந்து "அண்ணன் இருக்காரா?" என்று கேட்பார்கள். அண்ணன் கும்பகோணத்துக்குப் போயிருப்பார். இவர் "உக்காருங்க, வந்துடுவார்" என்பார். வந்தவர் மோர் குடித்து, வெற்றிலை போட்டு, வெயில் ஏறிப் பொறுமை தீர்ந்து எழுந்து போவார். போகும்போதும் "தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

என் மாமனார் அவருக்கு நேர் எதிர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவருக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. இருந்த நல்ல பெயரையெல்லாம் தம்பியே எடுத்துக்கொண்டார் என்று என் மாமியார் சொல்வார்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மாயவரத்துப் பெண். வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே பெயர் வாங்கியவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. கறுப்பு சிவப்புக் கொடி ஆட்சிக்கு வந்திருந்தது. வயல்வேலை செய்கிறவர்களின் தெருவில் செங்கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியை ஏற்றிக் கொடு என்று அவர்கள் நின்றார்கள், வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்போம் என்று நிலக்காரர்கள் நின்றார்கள். என் மாமனார் அவர்கள் முகத்தைப் பார்த்து "முடியாது, போங்கடா" என்பார். அவர்களும் முறைத்துவிட்டுப் போய் அரிவாளைச் செருகி வைத்துவிடுவார்கள். அது சண்டை. யார் எந்தப் பக்கம் என்று தெரியும்.

ஆனால் அவர்கள் திரும்பிப் போகும் வழியில் கொல்லைப் படலருகே சின்ன மாமா நிற்பார். "அண்ணன் கோவத்துல பேசுறார். நான் இருக்கேன்ல? பாத்து செஞ்சிடலாம்" என்பார். அவ்வளவுதான், பாதிப் பேர் மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். பார்த்துச் செய்ததாக எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. "பெரியய்யாகிட்ட சண்டை போடலாம்மா, சின்னய்யாகிட்ட எப்படிம்மா போடுறது?" என்று எங்கள் கொல்லையில் வேலை செய்த அஞ்சலை ஒருநாள் என்னிடம் கேட்டாள். அப்போது அதை அவருக்குக் கிடைத்த பாராட்டாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

சின்ன மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு இருந்ததெல்லாம் கோழிகள்தான். கிளிமூக்கு விசிறிவால் என்று அந்த ஜாதிக்குப் பெயர். மூக்கு கிளிக்கு வளைவது போல வளைந்திருக்கும். சேவலுக்கு வால் முளைத்து வளர்ந்து, உயரத்தில் உட்கார்ந்தால் ஆள் உயரத்துக்குத் தொங்கும். எப்போதோ திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்து, அதிலிருந்து பெருக்கியவை. சண்டைக்கு விட மாட்டார். கறிக்கும் கிடையாது, நாங்கள் சைவம். வெறுமே பார்ப்பதற்குத்தான். நாகூரிலிருந்து, தஞ்சாவூரிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வருவார்கள். கேட்பார்கள். "ஆகட்டும், அடுத்த ஈடு பொரிக்கட்டும்" என்பார். எந்த ஈட்டிலும் ஒரு குஞ்சு படல் தாண்டிப் போனதில்லை.

அவர் அந்தச் சேவல்களைப் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற பிள்ளையைக்கூட யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். வால் தரையில் படக்கூடாது, அதுதான் அவர் வேதம். பட்டால் ஈரம் ஏறும், எச்சம் ஒட்டும், இறகு முறியும். அதற்காகச் சேவல்கள் உட்கார மூங்கிலில் உயரமாக அடைகட்டை கட்டியிருந்தார். அதன் கீழே குடமுருட்டி ஆற்று மணலைச் சலித்துப் பரப்பியிருந்தார். காலில் நூல்கயிறு கட்டிக் காலையில் சேவலை நடக்க விடுவார். பின்னாலேயே அஞ்சலை வாலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடப்பாள், சாமி புறப்பாட்டில் குடை பிடிக்கிறவர் மாதிரி. முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு என் அம்மா வயது இருக்கும்.

மணல் சுமந்தவள் அவள், சலித்தவள் அவள். இறகு உதிர்ந்து புது வால் முளைக்கும் காலத்தில் சேவலுக்கு மீன் சத்து வேண்டும். சைவ வீட்டில் கருவாடு இடிக்க முடியுமா? அஞ்சலைதான் தன் குடிசையில் இடித்துக் கொட்டாங்குச்சியில் கொண்டுவருவாள். நாகூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்த வால் அவள் இடித்த கருவாட்டில் வளர்ந்ததுதான்.

ஐப்பசி அடைமழையில் சேவல்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். கொல்லை தாண்டி வீட்டுக்குள் கால் வைக்க அஞ்சலைக்கு அனுமதி கிடையாது. ஆனால் வால் தரையில் படக்கூடாதே! வாலை ஏந்திக்கொண்டு அவளும் கூடம் வரைக்கும் வருவாள். இறக்கிவிட்டதும் சின்ன மாமா "போயிட்டு வா அஞ்சலை, நனையாம போ" என்று அன்பாகச் சொல்வார். அவள் போனதும் மாமியார் தரையைக் கழுவச் சொல்வார். சேவல் எச்சமிட்ட இடத்தை அல்ல, அஞ்சலை நின்ற இடத்தை. நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். அந்தத் தண்ணீர் கொல்லைப் பக்கமாக ஓடி, மழைத் தண்ணீரோடு சேர்ந்து, அவள் நடந்து போன வழியிலேயே போகும். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அஞ்சலைக்கு ஒரே ஓர் ஆசை. விசிறிவால் ஒன்று தன் குடிசைக் கூரையில் நிற்க வேண்டும். இத்தனை வருஷம் ஊரான் வீட்டுச் சேவலுக்கு வால் பிடித்தவள், தன் வீட்டில் ஒன்று நின்றால் என்ன என்று நினைத்திருக்கிறாள். நியாயம்தானே? சின்ன மாமாவிடம் கேட்டாள். அவர் இல்லை என்று சொல்வாரா? "அதுக்கென்ன, எடுத்துக்க" என்று பெட்டைக்கோழி இட்ட முட்டைகளைக் கூடையில் தவிடு போட்டு அடுக்கிக் கொடுத்தார். அவள் தன் நாட்டுக்கோழி முட்டைகளை எடுத்துவிட்டு இவற்றை அடை வைத்தாள். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

மறுபடி கேட்டாள். மறுபடி கொடுத்தார். மறுபடியும் எல்லாம் கூமுட்டை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னாலிருந்தே வருஷா வருஷம் இது நடந்துகொண்டிருந்தது. "என்ன அஞ்சலை, பொரிச்சுதா?" என்று சின்ன மாமா கவலையோடு கேட்பார். "என் கைக்கு ராசி இல்லீங்க சின்னய்யா" என்பாள். "அப்படியெல்லாம் சொல்லாதே. அடுத்த தடவ பொரிக்கும்" என்பார்.

அந்த ராசிதான் விஷயம். எங்கள் பக்கம் நடவு தொடங்கும்போது வயலின் சனி மூலையில், வடகிழக்கில், முதல் நாற்றைக் கைராசியுள்ள ஒருத்தியை விட்டு நடச் சொல்வார்கள். அவள் கை வைத்தால் பயிர் தூர் கட்டும் என்று நம்பிக்கை. முன்னே எல்லாம் எங்கள் வயலிலும் அக்கம்பக்கத்து வயல்களிலும் முதல் நாற்று அஞ்சலையுடையதுதானாம். முட்டைகள் பொரிக்காமல் போகப் போக, அவளைக் கூப்பிடுவது நின்றது. பெண் வயசுக்கு வந்த வீட்டில் நலங்கு வைக்கக் கூப்பிடுவது நின்றது. தெருவுக்குள் "கூமுட்டை அஞ்சலை" என்றே பெயராகிவிட்டது. கடைசியில் அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கப் போனவளைச் சம்பந்தியம்மாள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். "நீ வேணாம் அண்ணி. தப்பா எடுத்துக்காத."

இதை அஞ்சலையே என்னிடம் சொன்னாள். கிணற்றடியில் மணல் சலித்துக்கொண்டே, ஏதோ வேறொருத்தி கதையைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"ஏன் அஞ்சலை, உன் சொந்தக் கோழி முட்டையையே அடை வெச்சுப் பாரேன். பொரிச்சா எல்லார் வாயும் அடைஞ்சு போயிடும்ல?" என்றேன். பெரிய புத்திசாலி மாதிரிதான் கேட்டேன்.

அவள் சல்லடையை நிறுத்தினாள். "அதுவும் பொரிக்கலைன்னா நான் எங்கம்மா போவேன்?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்பு மனைப் பேச்சு வந்தது. நிலக்காரர் இடத்தில் குடிசை போட்டிருக்கிறவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்று சட்டம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். என் மாமனார் "வந்தா பாத்துக்கலாம்" என்றார். சின்ன மாமா சட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை. தன் பங்கு நிலத்தில் ஒரு திடலைத் தெருக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பந்தல் போட்டார்கள், மாலை போட்டார்கள். செங்கொடிக்காரர்களே மேடையேறி, "எல்லா நிலக்காரரும் சின்னய்யா மாதிரி இருந்தால் எங்களுக்குக் கொடி எதற்கு?" என்று பேசினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாயவரத்துக்குப் போனபோது அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

குடி போன பிறகுதான் தெரிந்தது. திடலைக் கொடுத்தார், அதற்குப் போகிற வழியைக் கொடுக்கவில்லை. சுற்றிலும் எங்கள் வயல். ரோட்டுக்கு வர வேண்டுமானால் எங்கள் வரப்பில்தான் நடந்து வர வேண்டும். நடக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் வேலைநிறுத்தம் என்று பேச்சு வந்தால் வரப்பை உடைத்துக்கொண்டு தண்ணீர் பாயும். "வாய்க்கா உடைப்பு, என்ன செய்யுறது, அடைச்சிடலாம்" என்பார் சின்ன மாமா. பெண்கள் இடுப்புவரை புடவையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி வருவார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் உடைப்பும் அடைபட்டுவிடும். வழியை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். "செஞ்சிடலாம்" என்றார். அவர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும்தான் நம்பினேன், ஊசியைப் பார்க்கும் வரைக்கும்.

ஒருநாள் மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தேன். சின்ன மாமா வந்து, "கொஞ்சம் பெரிய ஊசியா ஒண்ணு குடும்மா" என்றார். கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஊசி வேண்டியிருந்ததால் கொல்லைக் கொட்டகைக்குப் போனேன். தவிட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு முட்டையை எடுத்தார், அகலமான பக்கத்தில் ஊசியை மெதுவாக இறக்கினார், உள்ளே ஒரு சுழற்று சுழற்றினார், எடுத்தார். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு ஓட்டையை மூடி, விரலால் வழித்துவிட்டார். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. அப்புறம் அடுத்த முட்டை. அவர் விரல்கள் அவ்வளவு பதமாக வேலை செய்தன. குஞ்சுக்குக் கண்ணில் மருந்து விடும்போதும் அதே விரல்கள்தான்.

"என்ன மாமா செய்யுறீங்க?"

என்னைப் பார்த்ததும் மறைப்பார் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. ஊசியைத் துண்டில் துடைத்து நீட்டினார். "அஞ்சலை கேட்டாம்மா. பாவம், ஆசையா கேக்குறா."

"குத்திட்டா பொரிக்காதே!"

"பொரிக்காது." கொஞ்சம் யோசித்தார். "வம்சம் வெளியே போகக்கூடாதுல்ல? அங்க போனா கண்ட சேவலோட சேரும். கலந்து போயிடும். நம்ம கண்ணு முன்னாடியே வால் குட்டையாயிடும். அதுக்காக மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ல முடியுமா? அவ மனசு நோகாதா?"

"அவளைக் கூமுட்டைன்னு கூப்பிடுறாங்க மாமா. பேரப்பிள்ளைய தொட விடல."

"அப்படியா?" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார், கண்கூடத் தளும்பியது. "அப்படியெல்லாம் பேசக்கூடாதுன்னு நான் சொல்றேன்" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த முட்டையை எடுத்தார்.

அவருக்கு வெட்கமே இல்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது. அவர் படாத வெட்கத்தையெல்லாம் சேர்த்து நான் பட வேண்டியிருந்தது. அந்த வீட்டுச் சோறு, அந்த வீட்டுப் புடவை, அந்த வீட்டு ஊசி. திடலுக்கு விழுந்த மாலை ஞாபகம் வந்தது, வரப்பில் பாய்ந்த தண்ணீர் ஞாபகம் வந்தது. அடப்பாவி மனுஷா, எல்லாமே இதுதானா என்று இருந்தது. கொடுப்பார், வாங்கினவர் கையில் அது வளராதபடி பார்த்துக் கொடுப்பார்.

சாயங்காலம் அஞ்சலை கூடைக்காக வந்தபோது அவர் சேவலுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் கூடையை எடுத்தேன். கூட்டில் அன்றைக்கும் முந்தின நாளும் பெட்டைகள் இட்டுவைத்த, ஊசி படாத முட்டைகளை எடுத்து வைத்தேன். குத்தினவற்றை எருக்குழியில் போட்டேன். அஞ்சலையிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்ல? இத்தனை வருஷம் உன்னை எங்கள் வீடு இப்படிச் செய்தது என்று எந்த வாயால் சொல்வது? பொரிக்கட்டும், அதுவே எல்லாம் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். என் நீள வாய் அன்றைக்கு எங்கே போனதோ.

பொரித்தது. தெருவே கூடிவிட்டதாம். அஞ்சலை ஓடி வந்தாள், கொல்லைப் படலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சின்னய்யா, உங்க புண்ணியம்! பொரிச்சிடுச்சு சின்னய்யா!" என்று மண்ணில் விழுந்து கும்பிட்டாள். சின்ன மாமா அவளைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். "நல்லாருக்கட்டும்" என்றார். என்னிடம் அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பெட்டைக் குஞ்சுகளைக் கீரிப்பிள்ளையும் பருந்தும் கொண்டுபோயின. ஒரு சேவல் மட்டும் தப்பித்து வளர்ந்தது. அந்தச் சம்பா நடவுக்குப் பக்கத்து வயலில் முதல் நாற்று வைக்க அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். சம்பந்தியம்மாளே பேரனைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாளாம். மறு வருஷம் சேவலுக்கு வால் முழுசாக இறங்கியது. கூரை முகட்டில் அது நின்றால் ரோட்டிலிருந்தே தெரியும் என்றார்கள். நாகூருக்குப் போகிற வண்டிக்காரர்கள் நிறுத்திப் பார்த்தார்களாம்.

அதைக் கேட்ட அன்று சின்ன மாமா சாப்பிடவில்லை. மறுநாள் காலை வேட்டி மாற்றிக்கொண்டு திடலுக்குக் கிளம்பினார். அவர் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. நானும் பின்னாலேயே போனேன். மாமியார் கூப்பிடக் கூப்பிடப் போனேன்.

சேவல் கூரையில் நின்றது. மயில் கழுத்து நிறம். வால் கூரைச் சரிவில் வழிந்து கீழே தொங்கியது. சின்ன மாமா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது பாசாங்கு இல்லை. "என்னமா வளத்திருக்கே அஞ்சலை!" என்றார். தெருவே கூடி நின்றது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

"ஆனா இங்க இருந்தா வால் கெட்டுப்போயிடும். புகை, ஈரம். நம்ம கொல்லையிலயே இருக்கட்டும். நீ தினம் வந்து பாக்கத்தானே போற? உன்னோடதுதான். உனக்கு வேற முட்டை தர்றேன்."

அஞ்சலை சேவலை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "சின்னய்யா, நீங்க கேட்டு நான் குடுக்காம இருப்பேனா? ஆனா என் கைக்கு ஒரு தடவதான் பொரிச்சுது. இதுவும் போயிட்டா மறுபடி கூமுட்டைன்னு சொல்லுவாங்க சின்னய்யா. புள்ளைய தர மாட்டாங்க."

"அதெல்லாம் பொரிக்கும்மா. நான் நல்ல முட்டையா பாத்துத் தர்றேன்" என்று சேவலின் கால்கயிற்றுக்குக் கையை நீட்டினார். அவளும் கொடுக்க நீட்டிவிட்டாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எப்படி மாமா பொரிக்கும்? ஊசி குத்தின முட்டை எப்படிப் பொரிக்கும்?" என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஊசி, சுண்ணாம்பு, எருக்குழி எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் கொட்டிவிட்டேன்.

சேவல் மட்டும் கொக்கரித்தது. அஞ்சலை என்னைப் பார்க்கவே இல்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"இல்லைன்னு சொல்லுங்க சின்னய்யா," என்றாள். "சின்னம்மா ஏதோ கோவத்துல சொல்றாங்க. நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நம்பிடுறேன்."

அவள் நம்பியிருப்பாள். அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். நான் புதுசாக வந்த வாயாடி, அவர் தங்கமான மனுஷன். அந்த ஒரு வார்த்தை போதும். சின்ன மாமா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. "அஞ்சலை..." என்றார். அதற்குமேல் வரவில்லை. வாழ்நாளில் பழகாத வார்த்தை, வேண்டிய நேரத்தில் எங்கிருந்து வரும்?

நீட்டிய கையை அஞ்சலை இழுத்துக்கொண்டாள். சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போய், "அஞ்சலை" என்றேன்.

"நீங்களும் போங்கம்மா," என்றாள் உள்ளேயிருந்து. "உங்க வீட்டுக்குப் போங்க."

சின்ன மாமா முன்னால் போனார், நான் பின்னால் போனேன். நாங்கள் நடந்த வரப்பு எங்களுடையது. அவள் சொன்னது சரிதான், நானும் அந்த வீடுதான். பொரித்த அன்றே சொல்லியிருக்க வேண்டியதை, சேவல் வளர்ந்து வால் இறங்கும்வரை சொல்லாமல் இருந்தேனே.

அதன்பிறகு அஞ்சலை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வாலைப் பிடிக்க ஆள் இல்லை. சின்ன மாமா கொஞ்ச நாள் தானே கயிற்றையும் வாலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கப் பார்த்தார். முடியவில்லை, அடைகட்டையிலேயே விட்டுவிட்டார். மணல் மாற்றவில்லை. வால்களில் எச்சம் ஒட்டியது.

குறுவை அறுப்புக்கு முன்னால் திடல்காரர்கள் வழி கேட்டு வந்தார்கள். இந்தத் தடவை என் மாமனாரிடம் போகவில்லை, நேராகக் கொல்லைப் படலுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவள் அஞ்சலை.

"வழியை எழுதிக் குடுங்க சின்னய்யா. ஆகட்டும், செஞ்சிடலாம் எல்லாம் வேணாம். குடுப்பீங்களா மாட்டீங்களா?"

சின்ன மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல," என்றார். "தர முடியாது."

குரல் கரகரத்தது. நான் அடுப்படி ஜன்னலில் நின்று கேட்டேன். மாமியார் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

அஞ்சலை சிரித்தாள். "இப்பதான் சின்னய்யா என்கிட்ட நேரா பேசுறீங்க" என்றாள். "சரி. நாங்க பாத்துக்குறோம்."

மறுநாள் விடிந்ததும் வரப்பில் செங்கொடி நட்டு, ஆளாளுக்குக் கூடை, மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். என் மாமனார் போலீசுக்கு ஆள் அனுப்பினார். ஆட்சி மாறின காலம், போலீசும் யோசித்துக்கொண்டுதான் வந்தது. வருவதற்குள் பாதி வழி போட்டாயிற்று. சின்ன மாமா கொல்லையில் அடைகட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அங்கிருந்து எட்டிப் பார்க்கவே இல்லை.

"முதல் கூடை மண்ணு யாரும்மா போட்டது?" என்று கேட்டார்.

"அஞ்சலை, மாமா. அவ கைதான் ராசின்னு அவளைத்தான் போடச் சொன்னாங்களாம்."

தலையை ஆட்டினார். "நல்ல கைம்மா அது" என்றார்.

அது அவருக்கு எப்போதுமே தெரிந்துதான் இருந்தது.